கண்ணாடிக்கா, கைக்கா?

பிரிட்டனில் வீட்டு ஜன்னல்களைச் சுத்தம் செய்வோரில் பலர் இப்போது ஏணி ஏறுவதில்லை. நுனியில் பிரஷ் பொருத்திய நீண்ட கம்பத்தைத் தரையில் நின்றபடியே உயர்த்தி, அதன் வழியே ஏறிவரும் தண்ணீரால் மாடி ஜன்னலைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். உயரத்தில் செய்யும் வேலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிட வேண்டும் என்று 2005-இல் வந்த பாதுகாப்பு விதிகள் சொன்னதும் இம்முறை பரவ ஒரு காரணம். தண்ணீர் அவர்களுடைய வேனிலேயே வருகிறது. ஆர்.ஓ. சவ்விலும் ரெசினிலும் புகுந்து வந்து, டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்புகளின் அளவு பூஜ்யத்துக்கு இறங்கிய தண்ணீர் அது. உப்பே இல்லாததால் துணியால் துடைக்காமல் விட்டாலும் கண்ணாடியில் திட்டு விழாமல் காய்ந்துவிடும். ஒரு தொட்டி, ஒரு பம்பு, ஒரு சுருள் ஓஸ், இவ்வளவுதான் அடிப்படைச் சாமான். சிலர் இதோடு ஒரு ஹீட்டரையும் சேர்க்கிறார்கள்.

சூடேற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரவில் வீட்டு மின்சாரத்தில் இம்மர்ஷன் ஹீட்டரைப் போட்டுத் தொட்டி முழுவதையும் சுடவைப்பது ஒன்று. டீசலை எரித்து, ஓடும் தண்ணீரை ஓடும்போதே சூடாக்குவது மற்றொன்று. 8 டிகிரியில் இருக்கும் 400 லிட்டரை 43 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 16 யூனிட் மின்சாரம் ஆகும். 3 கிலோவாட் ஹீட்டர் ஐந்தரை மணி நேரம் எரிய வேண்டும். அதே சூட்டை டீசலில் பெற, வீணாவதையும் சேர்த்து, சுமார் 2 லிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டராகப் பாயும் நீரை அதே அளவு சூடாக்க 5 கிலோவாட் போதும். வண்டி என்ஜின்களைக் குளிர்காலத்தில் சூடேற்றுவதற்காக வெபாஸ்டோ, எபர்ஸ்பேகர் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் செய்யும் டீசல் ஹீட்டர்களில் ஒரு வகை இதே திறனுள்ளது. அதுவே இங்கே ஜன்னல் கழுவவும் வந்துவிட்டது.

இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்டால், வெந்நீர் நன்றாகச் சுத்தம் செய்யும் என்ற பதில்தான் முதலில் வரும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. காய்ந்த பறவை எச்சம், ஜன்னல் சட்டத்தில் படியும் சமையலறைப் பிசுக்கு, கோடையில் மரத்துப் பூச்சிகள் சொரியும் இனிப்புப் பசை ஆகியவை சூட்டில் சீக்கிரம் கரையும். ஆனால் மாதம் தவறாமல் கழுவப்படும் கண்ணாடியில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் தூசிதான். அதற்குப் பச்சைத் தண்ணீரே போதும். நீண்ட ஓஸ் வழியே பயணம் செய்து பிரஷுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி வழியிலேயே சூடு குறையத் தொடங்கிவிடுகிறது. கொதிக்கக் கொதிக்க அடிக்கவும் முடியாது. சாதாரணக் கண்ணாடி தன் பரப்பில் ஏறத்தாழ 40 டிகிரி வேறுபாட்டைத்தான் தாங்கும். பனி படிந்த காலையில் அதைத் தாண்டினால் விரிசல் விடலாம். ஆக, கண்ணாடிக்குக் கிடைக்கும் நன்மை மெய்தான், ஆனால் சிறியது.

பெரிய நன்மை வேறிடத்தில் கிடைக்கிறது. ஜனவரியில் ஓஸ் குச்சிபோல விறைத்துச் சுருளிலிருந்து பிரிய மறுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஓடினால் குழைந்து கொடுக்கும். கம்பத்தில் வழியும் தண்ணீர் கையுறைக்குள் இறங்கி, சட்டைக் கையை நனைத்து, முழங்கை வரை போகும். விரல் மரத்துப்போனவரால் கம்பத்தின் இணைப்புகளை இறுக்கும் சிறிய நெம்பைக்கூடத் திறக்க முடியாது. பல்லால் கையுறையைக் கழற்றி, வாய்க்காற்றை ஊதி, மறுபடி முயல வேண்டும். வெந்நீரின் தேவை இங்கேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் கண்ணாடியின் பெயர் முன்னால் வருவதும் கையின் பெயர் பின்னால் வருவதும் ஏன்? தத்துவத்தில் இது பழைய கேள்வி. வேலை செய்பவருடைய சுகம் தன்னளவிலேயே ஒரு காரணமா, அல்லது விளைபொருளின் தரத்தைக் காட்டித்தான் அதை அனுமதிக்க வேண்டுமா?

கிறிஸ்தவத் துறவு மரபு இதைக் கறாராகவே யோசித்தது. புனித பெனடிக்டின் 6-ஆம் நூற்றாண்டு விதித்தொகுப்பு நோயாளிகளுக்குத் தேவைப்படும்போதெல்லாம் குளியலை அனுமதிக்கிறது. உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கு, அதிலும் இளைஞர்களுக்கு, அரிதாகவே. 1132-இல் யார்க்‌ஷயரில் தொடங்கிய ஃபவுண்டன்ஸ் மடம் போன்ற, அதே விதிகளைப் பின்பற்றிய சிஸ்டர்சியன் சபை மடங்களில் துறவியர் குளிர்காய்வதற்கென்று தனி அறை இருந்தது; மற்ற இடங்களில் நெருப்பு அபூர்வம். இந்த மரபின் ஒரு விதிவிலக்கு கவனிக்கத் தக்கது. சுவடி எழுதுவோர் மையை இளக்கவும் தோலேட்டை உலர்த்தவும் சமையலறைக்குள் போகலாம். மையின் பெயரால் சூடு கிடைத்தது. எழுதும் விரலும் கூடவே குளிர்காய்ந்திருக்கும் என்பதை எந்த விதியும் சொல்லத் தேவைப்படவில்லை.

இங்கிலாந்தில் இதே எண்ணம் வேறொரு வடிவில் வேரூன்றியது. ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற பாதிரியாரின் ‘தி எலிக்சர்’ கவிதை, அவர் இறந்த 1633-ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்த தொகுப்பில் இருக்கிறது. கடவுளுக்காகச் செய்தால் அறை பெருக்கும் வேலையும் உயர்ந்ததாகிவிடும் என்பது அதன் கருத்து. தாழ்வாகப் பார்க்கப்பட்ட வேலைக்கு அது தந்த மதிப்பு பெரிது. ஆனால் அந்த அர்த்தத்தை வேலைக்குத் தரும் உரிமை துடைப்பம் பிடித்தவருக்கே உண்டு. அவர் தானே விரும்பி ஏற்றால் அது தவம். துடைப்பத்தைக் கொடுத்தவர் அதையே சொல்லி அடுப்பை அணைத்துவிட்டால் அது வெறும் சிக்கனம், அதுவும் பிறர் உடம்பில் பிடிக்கும் சிக்கனம்.

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1785-இல் வெளியிட்ட நூலில், மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்றார். கைக்குச் சூடு கொடுத்தால் வேலை விரைவாக முடியும் என்ற வாதத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். அது பொய்யான வாதமில்லை. ஆனால் பிரஷுக்கும் பம்புக்கும் ஓஸுக்கும் சொல்லும் அதே காரணத்தைத்தான் அது கைக்கும் சொல்கிறது. ஆங்கிலக் கைவினைஞரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1884-இல் ஆற்றிய ‘பயனுள்ள வேலையும் பயனற்ற உழைப்பும்’ என்ற உரையில், நல்ல வேலையில் மூன்று நம்பிக்கைகள் இருக்க வேண்டும் என்றார்: ஓய்வு கிடைக்கும், பயனுள்ள பொருள் உருவாகும், செய்யும்போதே இன்பம் இருக்கும். ஜன்னல் கழுவுபவருக்கு முதல் இரண்டும் ஏதோ ஓரளவு கிடைத்துவிடும். மூன்றாவது, டிசம்பரில், தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது.

அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1958-இல் வெளியிட்ட ‘மனித நிலை’ நூல் இதற்கு இன்னும் நெருங்கி வருகிறது. நிலைத்து நிற்கும் பொருளைச் செய்யும் வேலையையும், செய்தது உடனே கரைந்து மறுபடி செய்ய வேண்டிவரும் உழைப்பையும் அவர் பிரித்தார். ஹெர்குலிஸ் கழுவிய புராணத் தொழுவம் ஒன்றுதான் ஒருமுறை கழுவியதோடு சுத்தமாகவே இருந்தது என்று குத்தலாகவும் குறிப்பிட்டார். ஜன்னல் அப்படிப்பட்டதில்லை. அடுத்த மழையோடு அது பழையபடி ஆகிவிடும். விளைபொருள் இவ்வளவு சீக்கிரம் மறைகிற வேலையை விளைபொருளை மட்டும் வைத்து அளப்பது பொருந்தாது. அங்கே எஞ்சுவது வேலை நடந்த பொழுதும் அதைச் செய்த உடம்பும்தான்.

எதிர்வாதங்களும் உண்டு. முதலாவது எரிபொருள். சுவரில் வழிந்து மண்ணில் இறங்கப்போகும் தண்ணீருக்காக டீசல் எரிப்பது, பொதுக் காற்றின் செலவில் தனி ஒருவர் பெறும் சுகம். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் இருபது வீடுகளுக்கு 2 லிட்டர் என்றால் வீட்டுக்கு 100 மில்லி. உள்ளே ஹீட்டர் எரியும் வீட்டுக்காரர் அதைக் கணக்குக் கேட்பது கொஞ்சம் விநோதமாகவே இருக்கும். இரண்டாவது நோய். லீஜியனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் பெருகும். சாரலாகத் தெறிக்கும்போது மூச்சில் போகும். தொட்டியை வெதுவெதுப்பாகவே நாள்கணக்கில் வைத்திருப்பவர் தம் கைக்குத் தேடிய இதத்தை நுரையீரலுக்கு ஆபத்தாக்கிக்கொள்ளலாம். தொட்டி நீரை அன்றன்றே தீர்த்துவிடுவதும், ஓடும்போது மட்டும் சூடாக்குவதும், தொட்டியை அவ்வப்போது கழுவுவதும் அதனால் அவசியம்.

செலவை யார் ஏற்பது என்பது மிச்சமிருக்கிறது. இத்தொழிலில் பலர் தாமே முதலாளி, தாமே கூலியாள். அவர் ஹீட்டரை அணைத்துவைத்தால் அது அவருடைய தேர்வு. அதிலும்கூட மற்றவர்கள் போட்டிக்குக் குறைத்த விலை ஒளிந்திருக்கலாம். சம்பளத்துக்கு ஆள் வைத்து, வேனைக் கொடுத்து அனுப்பும் இடத்தில் கதை வேறு. பிரிட்டனின் 1992 பணியிட விதிகள் கைகழுவும் இடத்தில் வெந்நீரோ வெதுவெதுப்பான நீரோ இருக்க வேண்டும் என்கின்றன. அவை முதன்மையாகக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தெருவே பணியிடமாக இருப்பவருக்கு அந்தக் குழாய் எங்கே என்று அவை தெளிவாகச் சொல்வதில்லை. ஹீட்டரை வாங்குவதா வேண்டாமா என்பதை அலுவலகத்தில் இருப்பவர் தீர்மானிக்கிறார்; கம்பத்தை இன்னொருவர் பிடிக்கிறார். கொள்முதல் கணக்கில் அந்த ஹீட்டரைச் சுத்தத்தின் தரத்துக்கான செலவாக எழுதாமல், கையுறைக்கும் மழைக்கோட்டுக்கும் பக்கத்தில் எழுதினால், எத்தனை டிகிரிக்கு வைப்பது, எந்த மாதங்களில் ஓட்டுவது என்பவற்றையும் கம்பம் பிடிப்பவரிடமே கேட்க வேண்டியிருக்கும்.