கங்கன் ஏற்ற உத்தியோகம்

சூதில் தேர்ந்த ஒருவன், தன் கைப்பொருளைப் பணயம் வைத்து ஆடுவதை விட்டுவிட்டு, காசினோ என்று மேலைநாட்டார் வழங்கும் ஆட்டக்கூடத்திலேயே மாதச் சம்பளத்துக்கு அமர்வது தகுமா என்ற கேள்வி, இக்காலத்துக்கே உரியதுபோல் தோன்றினாலும், நம் இதிகாசம் அதை நெடுங்காலத்துக்கு முன்பே எதிர்கொண்டிருக்கிறது. அத்தகைய உத்தியோகத்தை ஏற்றவராக மகாபாரதம் நம்முன் நிறுத்துபவர் சாமானியர் அல்லர், தருமபுத்திரரே அவர். பன்னிரண்டு ஆண்டு வனவாசம் கழிந்து, ஒருவரும் அறியாமல் வாழவேண்டிய பதின்மூன்றாம் ஆண்டு பிறந்தபோது, பீமன் மடைப்பள்ளிக்கும் நகுலன் குதிரை லாயத்துக்கும் போக, அவர் கங்கன் என்ற பெயரோடு அந்தண வேடம் பூண்டு, விராட மன்னனின் சபையில் சூதாட்டத் துணைவராகச் சேர்ந்தார். நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் எந்தக் கவற்றில் தோற்றாரோ அந்தக் கவற்றையே பிழைப்புக்காகக் கையில் எடுத்தார் என்பது, படிக்குந்தோறும் நெஞ்சைத் தைக்கிற செய்தி.

தோற்ற நாளில் இருந்த தருமர் வேறு, விராட நகரம் புகுந்த தருமர் வேறு. வனத்தில் பிருகதசுவ முனிவர் அவருக்கு நளன் கதையைச் சொன்னதோடு நில்லாமல், அட்சஹிருதயம் எனப்படும் சூதின் மர்மத்தையும் உபதேசித்திருந்தார். நளனுக்கு அது கிடைத்த வழியை நினைத்தால் அந்த வித்தையின் இயல்பு விளங்கும். வழியில் நின்ற தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் ஒரே நோக்கில் எண்ணிச் சொன்னான், நளன் தேரோட்டியாக ஊழியம் செய்த மன்னன் இருதுபன்னன்; நம்பாத நளன் தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி வீழ்த்தி எண்ணிப் பார்த்தான், கணக்கு பிசகவில்லை; அந்த வித்தையை அவனிடமே கேட்டுப் பெற்றான். அக்காலத்தில் தான்றிக் கொட்டைகளே கவறுகளாக உருண்டன. சூதில் தேர்ச்சி என்பது, ஆகவே, அடிப்படையில் எண்ணறிவு. அதைப் பெற்ற நளன், முன்பு தன்னைச் சூதில் வென்ற தம்பி புட்கரனோடு ஒரே ஒரு முறை ஆடி, இழந்த நாட்டை மீட்டு, தோற்றவனை மன்னித்து அனுப்பினானேயன்றி, அதை ஜீவனோபாயமாக்கிக் கொள்ளவில்லை.

இந்த எண்ணறிவு உடையவனுக்கு ஆட்டக்கூடத்தின் உட்பொருள் மறைந்திருக்க இடமில்லை. ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் பூஜ்யம் முதல் 36 வரை 37 குழிகள். ஓர் எண்ணின்மீது ஒரு ரூபாய் கட்டி வென்றவனுக்கு, கட்டிய ரூபாயோடு 35 ரூபாய் தருகிறார்கள். நியாயப்படி தரவேண்டியது 36. கட்டும் பணத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 2.7 வீதமாக வந்து சேரும் அந்தக் குறைவின்மீதுதான் கூடத்தின் மாடமும் விளக்கும் பட்டுத் திரையும் நிற்கின்றன. அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யமும் சேர்ந்து குழிகள் 38 ஆகிவிடுவதால், வீதம் 5.26 ஆக உயர்கிறது. மோசடி எதுவும் வேண்டியதில்லை. தனியொருவன் ஓர் இரவில் வெல்லலாம். வருபவர் அனைவரும் சேர்ந்து, ஆண்டு முழுவதும் ஆடி, வெல்வதென்பது நடவாது. இதை எண்ணிப்பார்க்க அவகாசமின்றி, குடும்பத்தைக் காப்பாற்றச் சீட்டுப் போட்டுக் கொடுக்கும் ஊழியனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அறிந்தவன் போய் அமரும்போதுதான் கேள்வி கூர்மையடைகிறது.

நம் நூலாசிரியர்கள் இவ்விஷயத்தில் ஒருமுகப்பட்டவர்கள் அல்லர். சூதை அரசன் தன் நாட்டிலிருந்தே ஒழிக்கவேண்டும் என்கிறார் மனு. திருவள்ளுவரோ தோற்பவனைவிட வெல்பவனுக்கே முதல் எச்சரிக்கையை விடுக்கிறார். கௌடிலியர் மட்டும், சூதை ஓரிடத்தில் குவித்துக் கண்காணிப்பதே நலமென்று கருதி, அதற்கென ஓர் அத்தியட்சரை நியமித்து, வேறிடத்தில் ஆடுபவனுக்கு 12 பணம் தண்டம் விதித்து, வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். மறைவாகப் பிழைக்கும் கள்வரைக் கண்டறிய அது உதவும் என்பது அவர் கருத்து. கௌடிலியரின் பெயரைச் சொல்லி இன்றைய காசினோவை ஆதரிப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த அத்தியட்சர், பிறர் தமக்குள் ஆடும் ஆட்டத்தில் கவறு நேர்மையாயிருக்கிறதா என்று பார்ப்பவர். யார் வென்றாலும் அவருக்கு ஒன்றே. ரூலெட் மேஜையிலோ, வந்தவனுக்கு எதிரே ஆடுவதே அந்தக் கூடம்தான். அவன் தோல்வியே அதன் வருமானம்.

விராட சபைக்கு மீண்டும் வருவோம். தன் மகன் உத்தரன் கௌரவ சேனையை வென்றுவிட்டான் என்ற செய்தி கேட்டு மகிழ்ச்சியில் தலைகால் தெரியாமலிருந்த மன்னன், சைரந்திரி என்ற பெயரில் பணிப்பெண்ணாயிருந்த திரௌபதியிடம் கவறுகளைக் கொண்டுவரச் சொல்லி, கங்கனை ஆட அழைத்தான். களிப்பில் மிதப்பவனோடு சூதாடலாகாது என்று கங்கன் தடுத்தார்; பல தீங்குகளுக்கு உறைவிடமான ஆட்டம் எதற்கு என்றார்; ராஜ்யத்தையும் தம்பியரையும் இழந்த யுதிஷ்டிரனை நீ அறியாயோ என்று, தம் கதையையே அயலான் கதைபோல் எடுத்துச் சொன்னார். மன்னன் கேட்கவில்லை; ஆட்டம் தொடங்கிற்று; பேச்சு முற்றி, உத்தரனுக்குத் தேரோட்டிப் போன பிருகன்னளையை, அதாவது மாறுவேடத்தில் இருந்த அர்ச்சுனனை, கங்கன் புகழ்ந்ததைப் பொறாத அரசன் கவற்றை எடுத்து அவர் முகத்தில் எறிந்தான். மூக்கிலிருந்து பெருகிய குருதி நிலத்தில் விழாதபடி அவர் கையில் ஏந்தவும், குறிப்பறிந்த திரௌபதி நீர் நிறைந்த பொற்பாத்திரத்தை நீட்டினாள். இந்தக் குருதியைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள்; என் மனம் நிற்பது அதற்கு முந்திய தடையில். அவர் அங்கே மாசற்று இருந்தார் என்று நான் சொல்லவரவில்லை. மன்னனிடம் வென்ற பொருளை ரகசியமாகத் தம்பியருக்குக் கொடுத்தார் என்பதை வியாசர் மறைக்கவில்லை. ஆனால் அவர் ஏற்றது ஓராண்டுக்கு மட்டும், உயிர் மறைத்து வாழவேண்டிய ஆபத்தில். அந்த நிலையிலும், ஆடும் வெறியோடு எதிரே அமர்ந்தவனிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை அவர் விற்றுவிடவில்லை.

கூடத்தின் சம்பளக்காரனுக்கு அந்த உரிமை எங்கே இருக்கிறது? தேர்ந்த சூதாடிக்கு அங்கே எந்த வேலை காத்திருக்கிறது என்று பாருங்கள். பிளாக்ஜாக் ஆட்டத்தில் கழிந்த சீட்டுகளை மனத்துக்குள் கணக்கு வைத்து ஆடுபவன் கூடத்தையே வெல்லமுடியும் என்று, எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962-இல் ஒரு நூலால் உலகறியச் செய்தார். இது வஞ்சகம் அன்று. தன் மூளையைப் பயன்படுத்துவதே. ஆயினும் அப்படி ஆடுபவர்களைக் கூடங்கள் வெளியேற்றின. அது செல்லாது என்று நியூ ஜெர்சி மாகாணத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளிக்க நேர்ந்தது. நெவாடாவில் அத்தகைய பாதுகாப்பு இல்லை. கணக்கு வைப்பவனைக் கண்டுபிடிக்க, கணக்கு வைக்கத் தெரிந்த இன்னொருவனைவிட ஏற்றவன் யார்? கற்ற வித்தையைக் கொண்டு, வெல்லத் தெரிந்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்தி, தோற்பதற்கே வந்தவனுக்கு நாற்காலி இழுத்துப் போடும் பணி அது. பொய்ச்சீட்டு வைப்பவனைப் பிடிப்பது நியாயமான காவல். இதை அப்படிச் சொல்ல இயலாது. மொனாக்கோ நாட்டின் சட்டம் தன் குடிமக்கள் மான்டி கார்லோ கூடத்தில் ஆடலாகாது என்று தடுத்திருக்கிறது. தன் மக்களுக்கு ஆகாதென்று அரசே அறிந்ததை அயலானுக்குப் பரிமாறுவதில் என்ன தர்மம் இருக்கிறது?

யூதர்களின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா, பகடையாடுபவன் சாட்சி சொல்லத் தகாதவன் என்கிறது. காரணம் பற்றி, அதற்கு விளக்கமாக எழுந்த தல்மூதில் இருவர் மாறுபடுகின்றனர். தோற்றவன் மனமாரக் கொடாத பொருளை அவன் பெறுகிறான் என்பது ராமி பர் ஹாமாவின் வாதம். ஷேஷத் என்ற ஆசிரியரோ, உலகம் நிலைபெறுவதற்கான காரியம் எதிலும் அவன் கைகொடுப்பதில்லை, அதுவே குற்றம் என்கிறார். வேறு தொழிலும் கற்றவனுக்கு இவர் கொள்கைப்படி தடையில்லை. இந்த இரண்டாவது காரணமே எனக்கு வலியதாகப் படுகிறது, ஏனெனில் அது சூதாடியை இழிப்பதோடு விடாமல் வேறு வழியையும் காட்டுகிறது. சூதின் எண்ணறிவுக்கே உலகுக்குப் பயன்படும் இடம் உண்டு. பாதியில் நின்ற ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியிலிருந்துதான் 1654-இல் பாஸ்கலும் பெர்மாவும் கடிதமெழுதி நிகழ்தகவுக் கணிதத்தை வளர்த்தார்கள். பிரெஸ்லா நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு, ஆயுள் உள்ளவரை ஆண்டுதோறும் பணம் பெறும் உரிமைக்கு எந்த வயதில் என்ன விலை தகும் என்று 1693-இல் கணித்துக் காட்டினார் எட்மண்ட் ஹாலி. ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இன்றும் அந்த வழியில் வந்த கணக்கறிஞர்களுக்குச் சம்பளம் கொடுக்கின்றன. கம்பெனியும் லாபம் வைத்துக்கொண்டே விலை சொல்கிறது என்பது மெய்தான்; ஆனால் பணம் கட்டியவன் காலமானால், அவன் குடும்பம் வெறுங்கையோடு நிற்பதில்லை.