பாவையும் அம்பும்: களத்தின் இயல்பு பற்றிய ஒரு வினா

பெருந்திரளான மக்கள் ஓரிடத்தில் கூடும்போது அங்கே எழும் உணர்ச்சி அந்த இடத்திற்கே உரியதா, அன்றிக் கூடியவர்கள் தத்தம் உள்ளத்திலிருந்து கொண்டுவந்து இறக்கிவைப்பதா என்னும் வினா, சமயத் தத்துவத்தில் நெடுங்காலமாக இருந்துவருவது. சைவ மரபு இறைவன் திருமேனியாகிய மூர்த்தி, அது எழுந்தருளிய தலம், அதனைச் சார்ந்த நீராகிய தீர்த்தம் என்னும் மூன்றையும் சேர்த்தே போற்றுவதால், இடத்திற்குத் தனியாக ஓர் ஆற்றல் உண்டு என்று அது கொள்வது தெளிவு. இதற்கு நேரெதிராக, பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912இல் வெளியிட்ட சமயவாழ்வு பற்றிய தம் நூலில், கூடிநிற்கும் மக்களிடையே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவிப் பெருகும் கொந்தளிப்பே புனிதம் என்னும் உணர்வின் ஊற்று என்றும், அந்தக் கொந்தளிப்பைத்தான் மக்கள் இடத்தின்மீதும் பொருளின்மீதும் ஏற்றிக் காண்கிறார்கள் என்றும் வாதிட்டார். கோயிலுக்காக எழுந்த இந்த வினாவை விளையாட்டுக் களத்திற்கும் எழுப்பலாம். ஏனெனில் ஒரே ஆட்டம், ஒரே விதிகள், சில வேளைகளில் அதே ஆட்டக்காரர்களாகவே இருந்தும், ஒரு மைதானத்தின் சூழல் மற்றொன்றின் சூழலை ஒத்திருப்பதில்லை.

இவ்வினாவை ஆராய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை பொருத்தமான இடம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்லவேண்டிய அம்மலையில், ஆடிப் பதினெட்டையொட்டி இரண்டு கூட்டங்கள் திரளுகின்றன. ஒன்று, ஐயாற்றின் ஆகாய கங்கை அருவியில் நீராடி அறப்பளீசுவரரை வழிபட வருவோரின் கூட்டம். அறப்பள்ளி ஒரு வைப்புத்தலம். அதாவது தனக்கெனத் தனிப் பதிகம் இல்லாமல், தேவாரத்தில் வேறு பாடல்களினிடையே பெயர் சுட்டப்பெற்ற தலம். மற்றொன்று, கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் பெயரால் அரசு செம்மேட்டில் நடத்தும் விழாவுக்கு வருவோரின் கூட்டம். அவ்விழாவில் வில்வித்தைப் போட்டியும் இடம்பெறும். பக்தரும் பார்வையாளரும் ஒரே மலையில், ஒரே நாள்களில், பெரும்பாலும் ஒரே குடும்பத்தினராகவே வருகின்றனர் என்பதால், இவ்விரு நிலைகளையும் வெவ்வேறு வகை மனிதர்களுடையன என்று பிரித்துவிட முடியாது.

இம்மலையைப் பற்றிய சங்கப் பாடல்களில் காட்சிக்கும் காண்போருக்கும் உள்ள உறவு இருவேறு வகையில் பதிவாகியுள்ளது. முதலாவது கொல்லிப்பாவை. தெய்வத்தால் அமைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இப்பெண்ணுருவம் காற்றாலும் மழையாலும் இடியாலும் நிலநடுக்கத்தாலும் தன் வடிவம் குலையாதது என்று நற்றிணையில் பேசப்படுகிறது. கண்டோரைத் தன் நகையால் மயக்கி உயிர்போக்குவது என்று வழிவழிக் கதைகள் கூறுகின்றன. இங்கே ஆற்றல் முழுவதும் காட்சியிடமே இருக்கிறது. காண்பவன் தன்னை இழப்பதைத் தவிர வேறு செய்வதற்கில்லை. இரண்டாவது, புறநானூற்றில் வன்பரணர் பாடிய ஓரியின் வேட்டைக் காட்சி. யானையை வீழ்த்திய ஓரம்பு புலி, மான், பன்றி ஆகியவற்றையும் ஊடுருவிச் சென்று புற்றிலிருந்த உடும்பில் தைத்ததைக் காண்கின்ற பாணர் கூட்டம், எய்தவன் யார் என்று அறியாமலே, இவன் ஓரியாக இருப்பானோ அல்லனோ என்ற ஐயத்தோடே, யாழும் முழவும் கொண்டு பாடத் தொடங்கிவிடுகிறது; புகழைக் கேட்டு எய்தவனோ நாணுகிறான். பரிசில் கருதி வந்த கூட்டம்தான் அது என்பது உண்மையே. ஆயினும் அதன் வியப்பு ஆளைத் தேடுவதற்கு முன்பே செயலில் சென்று பதிந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. களத்தில் கூடும் எந்தத் திரளும் இவ்விரண்டில் ஒன்றை நோக்கிச் சாய்வதாகவே தோன்றுகிறது.

அவ்வாறு சாய்வதற்கான காரணத்தை விளக்கச் சைவ சித்தாந்தத்தில் ஒரு கோட்பாடு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் அமைத்த சிவஞான போதமும் அதன்வழி எழுந்த நூல்களும், உயிரைச் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்று வரையறுக்கின்றன. அருகில் வைத்த பொருளின் நிறத்தைப் பளிங்கு தன் நிறமாகக் காட்டுவதுபோல, உயிர் தான் எதைப் பற்றி நிற்கிறதோ அதன் தன்மையாகவே ஆகிவிடுகிறது. மலத்தைச் சார்ந்தால் மலமாகவும் சிவத்தைச் சார்ந்தால் சிவமாகவும் நிற்கிறது. இக்கோட்பாட்டின்படி, களத்தின் சூழலைக் கட்டடத்திலோ கூட்டத்தின் எண்ணிக்கையிலோ தேடுவது வீண். அக்கூட்டம் எதைச் சார்ந்து நிற்கிறது, ஆட்டத்தையா, அணியையா, வெற்றியையா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இதற்குக் கிட்டத்தட்ட ஆய்வுக்கூடச் சோதனை போன்றதொரு சான்று 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது. அதன் வருகையை எதிர்த்துச் சிவசேனைக் கட்சியினர் டெல்லி பிரோசா கோட்லா மைதானத்தின் ஆடுகளத்தையே தோண்டிச் சிதைத்திருந்ததால், முதல் டெஸ்ட் சென்னை சேப்பாக்கத்திற்கு வந்தது. ஜனவரி 31 அன்று, 271 ரன் என்ற இலக்கைத் துரத்திய இந்தியா 82 ரன்னுக்கு ஐந்து விக்கெட்டை இழந்து தத்தளித்தபோது, முதுகுவலியோடு நின்று ஆடிய சச்சின் டெண்டுல்கர் 136 ரன் எடுத்து அணியை 254 வரை கொண்டுவந்து ஆட்டமிழந்தார். எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் அடுத்த நான்கு ரன்களில் சரிந்தன. பாகிஸ்தான் 12 ரன் வித்தியாசத்தில் வென்றது. சற்று நேரம் உறைந்துபோயிருந்த அரங்கம் பின்னர் எழுந்து நின்று கைதட்டத் தொடங்க, வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி அப்பாராட்டை ஏற்றுக்கொண்டது. மூன்று வாரங்கள் கழித்து அதே இரு அணிகள் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோதின. சோயிப் அக்தர்மீது மோதியதால் கிரீஸ் கோட்டுக்குள் மட்டையை வைக்க முடியாமல் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனதும் கூட்டம் கொதித்தது. கடைசி நாளில் காவல்துறையினர் பார்வையாளரை வெளியேற்றிவிட, ஏறத்தாழ வெற்றரங்கில் பாகிஸ்தான் 46 ரன் வித்தியாசத்தில் வென்றது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1996 மார்ச் 13 அன்று, உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா 120 ரன்னுக்கு எட்டு விக்கெட் இழந்து நின்றபோதும் இதே ஈடனில் பாட்டில்கள் பறந்தன, இருக்கைகள் எரிந்தன. ஆட்ட நடுவர் கிளைவ் லாயிட் வெற்றியை இலங்கைக்கு வழங்கினார்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு எட்டாக வகுக்கிறது. அவற்றுள் மருட்கை எனப்படும் வியப்பு, புதுமையாலும் பெருமையாலும் சிறுமையாலும் ஒன்று பிறிதொன்றாக ஆவதாலும் தோன்றுவது. அது தன்னதா பிறனதா என்ற கணக்கை அறியாதது. வெகுளியோ தனக்கு உரியது பறிக்கப்பட்டது என்ற எண்ணமின்றிப் பிறக்காது. ஈடனில் வெகுண்டவர்கள் கிரிக்கெட்டைக் குறைவாக நேசித்தவர்கள் அல்லர்; ஒருவேளை சென்னையினரைக் காட்டிலும் கூடுதலாகவே நேசித்தவர்கள். 2001 மார்ச்சில் அதே ஈடனில் லட்சுமண் 281 ரன் எடுத்து, தோற்கவேண்டிய ஆட்டத்தைத் திருப்பியபோது, அவ்வெற்றியைத் தாங்கிப்பிடித்ததில் அக்கூட்டத்தின் முழக்கத்திற்கும் பங்குண்டு என்று கருதுவோர் பலர். அவ்வேட்கை வெற்றியைச் சார்ந்து நின்றது. வெற்றி கைவிட்டபோது அதற்குப் பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லாமற்போனது. பாவையின் நகையில் சிக்கியவனின் நிலை இது.

சேப்பாக்கத்தை இதனால் புனிதத்தலம் ஆக்கிவிடவும் முடியாது. 2018 ஏப்ரல் 10 அன்று, காவிரிப் போராட்டத்தின் உச்சத்தில் அங்கு நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் ஆட்டக்காரர்களை நோக்கிக் காலணி வீசப்பட்டதும் அதே மண்ணில்தான். அதனால் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ஒரு சிறப்பு ரயிலே புனேவுக்குச் சென்றது. மராட்டிய மைதானம் ஒன்று மஞ்சள் நிறம் பூண்டு விசிலடித்தது. கருவறையை விட்டு நீங்காத மூலவருக்கும், தெருவெங்கும் உலாவரும் உற்சவருக்கும் ஆகமங்கள் வேறுபாடு காட்டுகின்றன, ஐ.பி.எல். வந்தபின் சேப்பாக்கத்தில் எழுந்த புதிய சூழல் உற்சவரைச் சார்ந்தது, ஆதலின் அது ரயிலேறிச் செல்லக்கூடியது. 1999இல் எழுந்து நின்ற கூட்டத்தின் பண்பு அப்படிப்பட்டதன்று. 1934 முதல் டெஸ்ட் ஆட்டங்களைக் கண்டு, மணிக்கணக்கில் எதுவும் நிகழாதபோதும் உட்கார்ந்து பார்க்கக் கற்ற ஓர் ஊரில் அது மெல்லப் படிந்தது. இடத்தின் ஆற்றல் என்று சைவம் கூறுவதற்கும் கூட்டத்தின் கொந்தளிப்பு என்று துர்க்கைம் கூறுவதற்கும் நடுவே, பழக்கம் என்ற மூன்றாவது ஒன்று இருப்பதை இவ்விருவகைக் கூட்டங்களும் காட்டுகின்றன.

பழக்கம் எவ்வாறு அறமாக இறுகுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் ஏறுதழுவுதல் இன்னும் நல்ல சான்று. தைப் பொங்கலையொட்டி முதலில் அவனியாபுரம், அடுத்து பாலமேடு, பின்னர் அலங்காநல்லூர் என்று மதுரை வட்டாரத்தில் நடைபெறும் சல்லிக்கட்டில், காளைகள் வெளிவரும் குறுகிய வாயிலாகிய வாடிவாசலிலிருந்து முதலில் கோயில் காளை அவிழ்த்துவிடப்படும். அதனை யாரும் பிடிப்பதில்லை. அதன்பின் வரும் காளை எவருக்கும் பிடிபடாமல் எல்லையைக் கடந்துவிட்டால் பரிசு காளைக்கே, அதாவது அதன் உரிமையாளருக்கே. பிடித்தவனுக்கு எழும் ஆரவாரத்திற்குச் சற்றும் குறையாத ஆரவாரம் பிடிபடாத காளைக்கும் எழுகிறது. எதிர்த்து நிற்பதை வாழ்த்துவது இங்கே தனிமனிதரின் பெருந்தன்மைக்கு விடப்படவில்லை, ஆட்டத்தின் அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது. அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில் 2024 ஜனவரி 24 அன்று கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டு, அடுக்கடுக்கான இருக்கைகளோடு வாடிவாசலும் அமைக்கப்பட்டது. வெயிலிலும் நெரிசலிலும் வேலியைப் பற்றித் தொங்குவதைவிட அது பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. எனினும் அலங்காநல்லூரின் பொங்கல் சல்லிக்கட்டு இன்னும் ஊருக்குள், பழைய வாடிவாசலிலேதான் நடக்கிறது. கோயில் காளைக்கு ஒரு கோயில் வேண்டும். அதைக் கட்டட ஒப்பந்தத்தில் சேர்க்க இயலாது.

கடல்கடந்த பேஸ்பால் மைதானங்களிலும் இதே பிளவு தெரிகிறது. சிகாகோவில் 1914இல் கட்டப்பட்ட ரிக்லி பீல்டில், எதிரணி ஆட்டக்காரர் அடித்த ஹோம் ரன் பந்து பார்வையாளர் கையில் சிக்கினால், அதை மைதானத்திற்குள் திருப்பி எறிந்துவிடுவது வழக்கம். பகைவனின் சிறப்பு நினைவுப்பொருளாகக்கூட வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது அதன் பொருள். ஜப்பானின் கோஷியன் மைதானத்தில், 1924 முதல் அங்கு நடந்துவரும் பள்ளி மாணவர் போட்டியில் தோற்ற அணிச் சிறுவர்கள் அழுதுகொண்டே களத்து மண்ணை அள்ளிப் பையில் இட்டு எடுத்துச் செல்கிறார்கள். சிகாகோ வழக்கத்தில் குறும்பும் விளையாட்டும் கலந்திருப்பதால் அதைப் பெரிதாகக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் தோல்வியைத் தந்த மண்ணையே திருநீறுபோல ஏந்திச் செல்லும் வழக்கத்தின் பின்னுள்ள மனநிலை, தீர்த்தமும் தலமும் அறிந்த தமிழர்க்கு விளக்கமின்றியே புரியும்.

இனி, ரசிகனின் பற்றைப் பக்தி என்று அழைக்கலாமா என்ற வினா எஞ்சுகிறது. நாரத பக்தி சூத்திரம் பக்தியைப் பலன் கருதாத பேரன்பு என்று வரையறுக்கிறது. சென்னை அணி 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் தடைசெய்யப்பட்டு ஆடாமலேயே இருந்தபோதும் அதன் ரசிகர்கள் விலகிவிடவில்லை என்பதைக் காட்டி, இதுவும் பலன் கருதாத அன்பே என்று ஒருவர் வாதிடலாம். வாதம் வலுவானதே. ஆயினும் சித்தாந்தம் இதை ஏற்காது. ஏனெனில் அது பலனை மட்டும் பார்ப்பதில்லை, பலன் போனபின்னும் எஞ்சி நிற்கும் எனது என்ற பிடிப்பையும் பார்க்கிறது. உயிரின் அறிவை மறைத்து அதனைத் தன்னளவில் சுருக்கும் ஆணவ மலம், தோற்ற அணியையும் என் அணி என்றே பற்றிக்கொள்ள வல்லது. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த காஷ்மீரச் சைவ அறிஞர் அபிநவகுப்தர், அரங்கில் காணும் உணர்ச்சி இன்னாருடையது என்ற எல்லை கழன்று பொதுமையாகும்போதே சுவையாகிறது என்றும், அச்சுவை பிரம்ம அனுபவத்திற்கு நெருங்கியது, ஆனால் அதுவே அன்று என்றும் விளக்கினார். ரசிகனுக்கு அளிக்கத்தக்க இடம் இதுவே. அவன் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டும் பொழுதில் பக்தனாகிவிடுவதில்லை. பக்தனுக்கு வேண்டிய ஒன்றை, தன்னதல்லாத சிறப்பின்முன் தன்னை மறப்பதை, சிறிது நேரம் பயின்றுவிடுகிறான். அணியின் நிறத்தைப் பூசிக்கொண்டு ஆண்டு முழுவதும் உருகுபவன் பக்தனைப்போலத் தோன்றினாலும், அப்பயிற்சி அவனுக்குக் கிட்டுவதில்லை.

அப்பயிற்சிக்கு எதிரணி களத்திற்கு வந்தாக வேண்டும். 1999 ஜனவரிக்குப் பின் பாகிஸ்தான் அணி சேப்பாக்கத்தில் ஒரு டெஸ்ட் ஆட்டம்கூட ஆடவில்லை. 2007க்குப் பின் இந்தியாவில் எங்குமே டெஸ்ட் ஆடவில்லை.