உப்புமாவுக்குக் கணக்குக் கேட்பது

பசித்த குழந்தைக்குச் சோறு போடக் காரணம் சொல்ல வேண்டுமா? வேண்டும் என்றுதான் அரசாங்கக் கோப்புகள் எப்போதும் நினைத்து வந்திருக்கின்றன.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் பிள்ளைகள். சில மாதங்களில் மாநிலத் திட்டக் குழு வருகைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தது. அது பார்த்த 1,543 பள்ளிகளில் 1,319-இல் வருகை கூடியிருந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இதில் வியக்க ஒன்றுமில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் கூலி வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் அடுப்பு பற்றவைக்க நேரமேது? அந்த வீட்டுப் பிள்ளைக்கு மதியச் சத்துணவு வரைக்கும் வயிறு காய்ந்துதான் கிடந்தது. இப்போது காலையிலேயே சுடச்சுடக் கிடைக்கிறது. தொடக்கத்தில் வந்த பட்டியலில் திங்களும் வியாழனும் உப்புமா, செவ்வாயும் வெள்ளியும் கிச்சடி, புதன்கிழமை பொங்கல். பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ. சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் தன் பிள்ளை படிக்கும் தாய்க்கு முன்னுரிமை. இந்த விதியை எழுதியவர் விவரமானவர். தன் பிள்ளையும் உண்ணப்போகும் பொங்கலில் எந்தத் தாயும் கைவைக்கமாட்டாள்.

இங்கிலாந்திலும் இதே கணக்குதான் பார்த்தார்கள். 106 பள்ளிகளில் காலை உணவு மன்றங்களின் பலனை ஆராய்ந்து 2016-இல் ஓர் அறிக்கை வந்தது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் ஏறத்தாழ இரண்டு மாதப் படிப்பு அளவுக்குக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். வகுப்பில் அமளி குறைந்ததால், மன்றத்துக்கே வராத பிள்ளைகளுக்கும் பலன் கிடைத்தது.

சரி, நாளைக்கே இன்னோர் ஆய்வு வந்து, மதிப்பெண் ஒன்றும் கூடவில்லை என்று சொன்னால்? தட்டைப் பிடுங்கிவிடலாமா? இந்தக் கேள்வி வெறும் கற்பனையல்ல. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது ஏற்பாடு. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிடுவதை அன்றைய அரசு ஏற்கவில்லை. 1925-இல் திட்டம் நின்றுபோனது. கல்விக்காகத்தான் சோறு என்று சொல்லிவிட்டால், சோறு கல்வியல்ல என்று தணிக்கையாளர் ஒருவர் ஒரு வரியில் முடித்துவிடுவார்.

வள்ளலாரிடம் இந்த வாதம் செல்லாது. 1867-இல் வடலூரில் அவர் சத்திய தருமச்சாலையைத் திறந்து மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. பசி எதற்கோ இடைஞ்சல் என்பதற்காக அதைத் தீர்க்கச் சொன்னவரல்ல அவர். பசியே துன்பம், அதை ஆற்றுவதே வழிபாடு என்றார். வந்தவர் எந்த ஊர், எந்த மதம், என்ன சாதி, நடத்தை எப்படி என்று சோறு போடுபவர் விசாரிக்கவே கூடாது என்பது அவர் வகுத்த ஒழுக்கம். உண்டவர் பிறகு என்ன ஆனார் என்ற ஆய்வறிக்கையும் அவர் கேட்கவில்லை.

ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒரு திசையிலிருந்து விசாரணை வந்தது. 2023-இல் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த யோசனை தானாக வராது. வீட்டில் சொல்லித்தான் வரும். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்ததும் அதே எட்டயபுரத்தில்தான். சோறு போடுபவர் சாதி கேட்கக் கூடாது என்பதை ஒருவாறு ஒத்துக்கொண்ட சமூகம், உண்பவரும் கேட்கக் கூடாது என்பதற்கு இன்னும் முழுதாக இணங்கவில்லை. தருமம் வாங்குகிறோம் என்று நினைத்தால் பெற்றோர் கூனிக் குறுகுவார்கள்; உரிமை என்று நினைத்தால் சமையல்காரியை மாற்றச் சொல்வார்கள். இரண்டுமே குழந்தையின் வயிற்றைப் பற்றிய பேச்சல்ல.

பசிதான் காரணம் என்று வைத்துக்கொண்டால் அரசுக்கும் ஒரு சங்கடம் உண்டு. திட்டம் 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. 2024-இல் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025-இல் நகரப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்ற பேதம் பசிக்குக் கிடையாது என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான். அப்போதும் எல்லை ஐந்தாம் வகுப்போடு நின்றது. பத்தாம் வகுப்பு வரை மதியச் சத்துணவு உண்டு. காலை உணவு மட்டும் ஏன் ஐந்தோடு நிற்க வேண்டும்? நிதித்துறையிடம் இதற்குப் பதில் இருக்கலாம், வடலூரில் கிடைக்காது.