ஆமை மேல் ஒருவர்

ஃப்ளாரன்ஸில் பிட்டி அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் போபோலி தோட்டத்தைச் சுற்றிவர மூன்று மணி நேரம் ஆனது. மேட்டில் ஏறி இறங்கிக் கால் ஓய்ந்துவிட்டது. அரண்மனைக்குக் கல் வெட்டிய பள்ளத்தையே அரைவட்ட அரங்கமாக்கியிருக்கிறார்கள். நடுவில் எகிப்தியக் கல்தூண். அழகுதான், மறுக்கவில்லை. நான் சொல்ல வந்தது வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன நீரூற்றைப் பற்றி.

ஆமை மேல் அம்மணமாக உட்கார்ந்திருக்கும், தொப்பை பெருத்த குள்ள மனிதர். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "ஏங்க, பக்கத்துல போய் நில்லுங்க, ஒரு போட்டோ எடுக்கறேன்" என்றாள் மனைவி. நானும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றேன்.

இரவு விடுதியில்தான் படித்தேன். அது கற்பனை உருவமல்ல. முதலாம் கோசிமோ மெடிச்சியின் அவையில் வாழ்ந்த மனிதர். 1560 வாக்கில் வலேரியோ சியோலி செதுக்கிய சிலை. அவையில் அவருக்கு வைத்த பெயர் மோர்கான்தே. புல்ச்சியின் காவியத்தில் வரும் ராட்சதனின் பெயர் அது. குள்ளருக்கு ராட்சதன் பெயர், அவ்வளவுதான் வேடிக்கை. ப்ரோன்சினோ என்ற ஓவியர் ஒரே கித்தானின் இரண்டு பக்கமும் அவரை வரைந்திருக்கிறார், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டிலும் அம்மணமாக. சிற்பம் மாதிரி ஓவியத்தாலும் எல்லாப் பக்கத்தையும் காட்ட முடியும் என்று நிரூபிக்கவாம். கலை விவாதத்துக்கு அவர் உடம்புதான் கிடைத்தது.

தூக்கம் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு படித்த ஒருவனைப் 'பனைமரம்' என்றுதான் கூப்பிடுவோம். நாலடிகூட இருக்கமாட்டான். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவனே சிரிக்கிறான், அப்புறம் என்ன தப்பு என்று இருந்தோம். சிரிக்காவிட்டால் மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவான் என்று நாங்கள் யோசித்ததில்லை. பிரபுவின் சோற்றைத் தின்றவருக்கு மட்டும், துணியை அவிழ்க்க மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு இடம் இருந்திருக்கும்? சிரிப்பை வைத்துச் சம்மதத்தை அளக்க முடியுமா?

சிலையை எடுத்துவிடச் சொல்லவில்லை. எடுத்துவிட்டால் யார் சிரித்தார்கள் என்பதற்கான சாட்சியும் போய்விடும். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் முகத்தில்தான் சிரிப்பு. அவர் முகத்தில் காணோம்.

மோர்கான்தேயின் சொந்தப் பெயர் ப்ராச்சோ தி பார்த்தோலோ. 450 ஆண்டு தாண்டியும் அது கிடைக்கிறது. அப்படியென்றால் பனைமரத்தின் பெயர் என்ன? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பள்ளி வாட்ஸப் குழுவில் கேட்டேன். "நம்ம பனைமரம்தானடா? மறக்க முடியுமா!" என்று நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மையோடு பதில் போட்டார்கள்.

பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை.