பிரஜாவுரிமை கொடையா?

பிரஜாவுரிமை அரசு மனமுவந்து அளிக்கும் கொடை என்போர் உளர். தலைமுறை தலைமுறையாக ஒருவனது உழைப்பைப் பெற்றுக்கொண்ட நாடு அவ்வாறு சொல்லலாமா என்றே நாம் கேட்கிறோம்.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளியிடம் அவன் உழைப்பைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உன் தந்தை இங்கே பிறந்தவரா, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்றே கேட்டது. லயத்துக் காம்பிராவில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எழுதிவைத்தவர் யார்? செக்ரோலில் அவன் பெயர் நாள்தோறும் ஏறியது. கொழுந்தின் இறாத்தற் கணக்கும் தவறாது ஏறியது. பிறப்பு மட்டும் எவர் கணக்கிலும் ஏறவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டம் வசிப்பை ஏற்றுக்கொண்டது மெய்யே. ஆயினும் மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்கும் பாரம் எழுத்தறியாதவன் தலையிலேயே விழுந்தது. வாக்குரிமையும் அவ்வாண்டிலேயே பறிபோயிற்று.

1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. (மந்தையைப் பிரிப்பவனும் கொஞ்சம் யோசிப்பான்.) எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிற்பாடு பார்க்கலாம் என விடப்பட்டது. அவர்களது விருப்பத்தைக் கேளாமலே தொகை முடிவாயிற்று.

இறுதியில், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் கதவைத் திறந்தது. 1947இல் வாக்களித்து, மறுமுறை வாக்களிக்காமலே மாண்டவர்களுக்கு அச்சட்டத்தில் வழங்க ஒன்றும் இருக்கவில்லை.