கரையில் நிற்கும் தோணி



மார்கழி மழையில் கல்முனைக் கடற்கரைக்குப் போனதுண்டா? கோடையில் சாதுவாகக் கிடந்த கடல் அப்போது சேற்று நிறங்கொண்டு கரையை இடித்துக்கொண்டிருக்கும். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை தோணிகள் மேட்டில் ஏற்றப்பட்டிருக்கும்.

அத்தகைய ஒரு நாளில் மழைக்காக வாடியொன்றில் ஒதுங்கினேன். முதியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். "எத்தனை நாளாகக் கரையில், காக்கா?" என்று கேட்டேன். "ஒன்பது நாள் பாதர். கடல் எங்கயும் போகாது. அவசரப்பட்டா நாமதான் போயிருவம்" என்றார். பக்கத்தில் இருந்த மகன் தலை நிமிராமலே, "கடல் காத்திருக்கும் வாப்பா. கடன்காரன் காத்திருப்பானா?" என்றான்.

தந்தை சொன்னதும் உண்மை, மகன் சொன்னதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி நிற்கிறது: காத்திருப்பது நற்பண்பா, அல்லது வசதியுள்ளவனுக்கு மட்டும் வாய்க்கும் பாக்கியமா?

முதலில் தந்தையின் பக்கம் நிற்போம். காத்திருப்பவனைச் சோம்பேறி என்றும் கோழை என்றும் உலகம் எளிதில் சொல்லிவிடுகிறது. ஆனால் பருவக்காற்றைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் 'மொன்சூன்' என்ற சொல்லே 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. அதன் பொருள் பருவம், உரிய காலம் என்பதே. பாய்க்கப்பலில் வந்த அரபு வணிகர் காற்றுத் திரும்பும் வரை அந்நியத் துறைகளில் மாதக்கணக்கில் தங்கினர். அந்தத் தங்கலில் நட்பும் திருமணமும் ஊர்களும் உண்டாயின. இலங்கை முஸ்லிம் மக்களின் வரலாற்றிலும் அந்தக் காத்திருப்புக்கு ஓர் இடமுண்டு. உரிய காலத்தை அறிந்து நிற்பதும் ஒரு செயலே. அதற்குத்தான் விவேகம் என்று பெயர்.

விவேகம் தவறினால் என்னவாகும்? திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்ட பவுல், பயணத்துக்கு ஏற்ற காலம் கடந்துவிட்டது என்று கிரேத்துத் தீவில் எச்சரித்தார். நூற்றுவர் தலைவனோ மாலுமியையும் கப்பல் உரிமையாளரையும் நம்பினான். தென்றல் மெல்ல வீசியதும் புறப்பட்டார்கள். புயல் பிடித்தது, தானியம் கடலில் கொட்டப்பட்டது, கப்பல் உடைந்தது. 276 பேரும் உயிர் தப்பியதே பெரிது. கிரேத்தில் காத்திருக்க மறுத்தவர்கள் மால்த்தாவில் மூன்று மாதம் காத்திருக்க நேர்ந்தது, கப்பலும் இல்லாமல்.

இனி மகனின் பக்கம் வருவோம். புயலில் சிக்கிய கப்பலிலிருந்து சரக்கைக் கடலில் எறிபவன் மனமுவந்து எறிகிறானா, மனமின்றி எறிகிறானா என்று அரிஸ்டாட்டில் கேட்டார். இரண்டும் கலந்த செயல் என்பது அவர் விடை. புனித தோமா அக்குவினாசும் இதை எடுத்து ஆராய்ந்தார். இங்கே அந்த உவமை தலைகீழாகிறது. உயிரைக் காக்கச் சரக்கை எறிந்தான் அந்த வணிகன். அடுப்பைக் காக்க உயிரையே அலைமேல் வைக்கிறான் நம் மீனவன். அவன் போவது சுயவிருப்பம் என்று சொல்லிவிட்டு நாம் கைகழுவிவிட முடியுமா? கரையிலே கடன் துரத்தும்போது கடலுக்குப் போகிறவனின் விருப்பம் எத்தனை பங்கு, நமது அலட்சியம் எத்தனை பங்கு?

1978 நவம்பர் 23ஆம் நாள் இக்கீழைக் கரையைச் சூறாவளி சூறையாடியது. அந்நாளை அறிந்தவர்கள் கடலின் எச்சரிக்கையை அற்பமாக எண்ணமாட்டார்கள். இன்று எச்சரிக்கை வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் வந்துவிடுகிறது. எச்சரிக்கையோடு அரிசி வருவதில்லை.

ஒதுங்கி நிற்க நல்ல துறையும் வேண்டும். திருகோணமலைக்கு இயற்கை அளித்த துறைமுகம் கல்முனைக் கரைக்கு இல்லை. சிறு தோணியை மணலில் இழுத்து ஏற்றலாம்; ஆழ்கடல் படகை அப்படி ஏற்ற முடியாது. ஒலுவிலில் கட்டி 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. அதன் வடக்கே கரையைக் கடல் அரித்தது. அடைக்கலம் என்று கட்டியதே துன்பமானால், காத்திருக்கச் சொல்வதற்கும் நமக்கு வாய் கூசவேண்டும்.

ஆகவே, அன்பரே, என் முடிவு இதுதான். "கடலுக்குப் போகாதே" என்பது பாதி அறிவுரை. மீதிப் பாதியைச் சொல்பவன் தன் கையால் கொடுக்க வேண்டும். கடன் கொடுத்தவர் மாரி மாதங்களின் தவணையைத் தள்ளிப் போடலாம். படகு முதலாளி, தான் ஏறத் துணியாத கடலுக்குத் தொழிலாளியை அனுப்பாதிருக்கலாம். கூட்டுறவுச் சங்கம் கோடை வருவாயில் ஒரு சிறு பங்கை மழைக்காலத்துக்கென ஒதுக்கலாம். கோவிலும் பள்ளிவாசலும் இதில் கைகோத்தால் யாருடைய விசுவாசத்துக்கும் குறைவு வராது.

கரை சேர்ந்த அந்த 276 பேருக்கும் மால்த்தா மக்கள் என்ன செய்தார்கள்? மழையும் குளிருமாக இருந்தபடியால் தீ மூட்டி எல்லாரையும் வரவேற்றார்கள். ஏன் புறப்பட்டீர்கள் என்று கேட்டதாக நூலில் இல்லை.

அந்த வாடியில் அன்று அடுப்பு எரியவில்லை. மழை விட்டதும் நான் எழுந்து வந்துவிட்டேன். அதை இன்னும் மறக்க முடியவில்லை.