குழாய் நீரும் ஐயத்தின் அறமும்

சமயத்தின் கணக்கில் ஐயம் ஒரு குறை. அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் ஐயக்காட்சியையும் திரிவுக்காட்சியையும் மாசற்ற காட்சிக்கு வெளியே நிறுத்துகிறது. கயிறா பாம்பா என்று தயங்கி நிற்பவன் இன்னும் அறிந்தவன் ஆகவில்லை. ஆனால் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் சமையலறைக் குழாயில் வரும் தண்ணீரைக் காப்பவர்களுக்கு முதலில் வேண்டிய அறம் எதுவென்று கேட்டால், தீராத ஐயம்தான் என்பேன்.

அந்தத் தண்ணீரை வழங்குவது ஆயர் சிலாங்கூர் நிறுவனம். ஆற்று நீரில் படிகாரம் சேர்த்துக் கலங்கலைத் திரளச் செய்கிறார்கள். தெளியவிட்டு, மணல் வழியே வடித்து, குளோரின் கலக்கிறார்கள். கிருமி செத்ததோடு வேலை முடிந்ததென்று எண்ணியிருந்தால் குளோரினை அங்கேயே அளந்து நிறுத்தியிருக்கலாம். அப்படிச் செய்வதில்லை. வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். வழியில் குழாய் கசியலாம், அழுக்கு உள்ளே புகலாம் என்ற சந்தேகம் அந்த எச்சமாக நீரோடு கூடவே பயணம் செய்கிறது. சிலர் முகம் சுளிக்கும் அந்த மருந்து வாடை, உண்மையில் காவல் இருப்பதன் அடையாளம். ஆற்று நீரின் வாடையை அறியவும் ஒரு சோதனை உண்டு. வாடையற்ற நீரை மேலும் மேலும் கலந்து, எத்தனை மடங்கில் நாற்றம் மறைகிறது என்று மனித மூக்கே முகர்ந்து சொல்லும்.

இந்த ஐயம் நிலையங்களையே நிறுத்தவும் செய்யும். 2020 செப்டம்பரில் ரவாங் வட்டாரத்தின் சுங்கை கோங்கில் கழிவு கலந்து நாற்றம் எழுந்தபோது, சுங்கை சிலாங்கூர் நீரை எடுக்கும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களும் நிறுத்தப்பட்டன. பெட்டாலிங் உட்பட ஏழு வட்டாரங்களில் ஏறத்தாழ 12 லட்சம் கணக்குதாரர்களுக்குத் தண்ணீர் தடைப்பட்டது.

ஐயம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவின் வாக்கர்ட்டன் சாட்சி. ஒண்டாரியோ மாகாணத்தின் அந்தச் சிற்றூரில் 2000 மே மாதப் பெருமழை மாட்டுச் சாணத்தை ஒரு கிணற்றுக்குள் கொண்டுபோனது. ஏழு பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். நீரைக் கவனித்தவர்கள் குளோரின் அளவைச் சோதிக்காமலே பதிவேட்டில் எண்களை எழுதிவந்ததை விசாரணை ஆணையம் கண்டறிந்தது. அதைவிட என்னைத் தொந்தரவு செய்யும் செய்தி வேறு. சுத்திகரிக்காத அந்தக் கிணற்று நீரை அவர்களே குடித்துவந்தார்கள். ஊராருக்கு நஞ்சு வைக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. தங்கள் நீர் நல்ல நீர் என்று மனமார நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் கபடம் இல்லாததாலேயே அதைக் கேள்வி கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஐயத்தைப் போற்றுவது மரபுக்கு முரணல்லவா என்று கேட்கலாம். ஐயத்திலேயே தங்கிவிடுவதைத்தான் மரபு குறையென்கிறது. நியாய தரிசனம் தன் பதினாறு பதார்த்தங்களில் சம்சயம் எனப்படும் ஐயத்துக்கும் ஓர் இடம் தந்திருக்கிறது. ஐயம் எழாத இடத்தில் ஆராய்ச்சிக்கு வேலையில்லை. சித்தியாரும் அறியும் வழியான அளவையைப் பேசிய பிறகே இறைவனைப் பேசப் போகிறது. தண்ணீரில் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: இன்று தெளிந்த முடிவு நாளைய நீருக்குச் செல்லாது, ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. கும்பத்தில் குழாய் நீரை நிரப்பிக் கங்கையை ஆவாகனம் செய்கிற குருக்களுக்கு இதனால் ஒரு குறையும் வராது. மந்திரம் அந்த நீருக்குத் தெய்வத்தன்மையை வேண்டுகிறது, குளோரினுக்குப் பதிலாக நிற்பதாகச் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை மறந்து, புனித நதிக்கு மாசே ஒட்டாது என்று நம்பிய நாடுதான் 1986-இல் கங்கையைத் துப்புரவாக்க அரசுத் திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று.

இன்னொரு மறுப்பு கனமானது. நாற்றமெல்லாம் நஞ்சல்ல, சந்தேகத்தின் பேரில் லட்சக்கணக்கானோரைத் தாகத்தில் விடுவது அறமா? நோயாளிகளும் முதியோரும் அடுக்குமாடியின் மேல்தளங்களுக்குத் தண்ணீர் தூக்கிய நாட்களை யாரும் லேசாகப் பேசக்கூடாது. ஆனாலும் தண்ணீர் இல்லையென்பது உடனே தெரிந்துவிடும். லாரி வரும், வாளி நிறையும், மக்கள் கோபத்தோடு கேள்வி கேட்பார்கள். கெட்ட நீர் சத்தமின்றி வந்துவிடும். அதை அறியாமல் தாய் குழந்தைக்குப் பால் கலக்கிக் கொடுத்திருப்பாள். இழப்பைத் தெரிந்து தாங்குவதற்கும் தெரியாமல் சுமப்பதற்கும் இடையில் தேர்வு வரும்போது, குடிப்பவரின் அறிவை மதிக்கிற முதல் வழியே அறம். அடிக்கடி நிறுத்த நேர்ந்தால் குற்றம் ஐயத்தின் மேல் அல்ல, ஆற்றில் கழிவைக் கொட்டியவர் மேல்.

வீட்டில் வடிகட்டி வைத்துக்கொண்டால் இந்தப் பொது ஐயமே தேவையில்லை என்பாரும் உண்டு. கரி வடிகட்டி பிடித்து நிறுத்தும் பொருள்களில் குளோரினும் ஒன்று, அதாவது நிலையம் நீரோடு அனுப்பிய காவல். நேரத்தில் மாற்றாத கரியில் கிருமி குடியேறும். அதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் எந்த வீட்டுச் சமையலறையில் இருக்கிறது?